ஆட்டு வக்கீல்

கஸ்பருக்கு அந்த வாரம் முழுவதும் ஒரே யோசனைதான்: கிறிஸ்மஸுக்கு ஆடு வெட்டும் நேரத்தில் மருமகனை லயத்தைவிட்டு எங்கே அனுப்பி வைப்பது?

மருமகன் டக்ளஸைப் பற்றிக் குறை சொல்ல வேறு ஒன்றுமில்லை. குடிப்பதில்லை. மகள் ஜோசப்பினிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாட்டுப்பட்டியில் வேலை. அங்கேதான் வினை பிடித்தது. பால் கறக்கும் பட்டியில் காளைக்கன்றுக்கு இடமில்லை. அது குடிக்கும் ஒவ்வொரு வாய்ப் பாலும் வாளிக்கு வராமல் போகிற பால். அதனால் பிறந்த சில நாளிலேயே பிரித்து அனுப்பிவிடுவார்கள். அப்படிப் பிரித்த ஒரு கன்றைத் தேடி அதன் தாய் மூன்று நாள் கத்தியது. மூன்றாம் நாள் டக்ளஸ் தேத்தண்ணியில் பால் விடுவதை நிறுத்தினான். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் பிரிந்து வருமே, அதுபோலப் பாலுக்குப் பின்னால் இறைச்சி போயிற்று, மீன் போயிற்று, முட்டையும் தயிரும் போயின. கடைசியில் சம்பலில் போடும் மாசிக்கருவாட்டுத் தூள்கூட அவன் தட்டைவிட்டுப் போய்விட்டது.

அதோடு நின்றிருந்தால் கஸ்பர் கவலைப்பட்டிருக்க மாட்டார். டக்ளஸ் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

ஒக்டோபர் மாதம் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கஸ்பரின் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினான்கு வீடு கொண்டது. பதினான்கு வீட்டாரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டுச் சோலைமலை வழக்கம்போல முதல் பந்தியில் உட்கார்ந்து, நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சோலைமலை இருபது வருடச் சிநேகிதர். கஸ்பர் வீட்டுக்குள் குரல் கொடுக்காமல் நுழையும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். டக்ளஸ் தண்ணீர்ச் செம்போடு அவர் பக்கத்தில் குனிந்து, மிகவும் மரியாதையாக, மெதுவான குரலில் சொன்னான்: "அதுக்கும் ஒரு அம்மா இருந்திருக்கும் மாமா. குட்டியத் தேடி மூணு நாளு கத்தியிருக்கும்."

சோலைமலை எலும்பை இலையின் ஓரத்தில் வைத்தார். கையைக் கழுவினார். போய்விட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஊற்றி வைத்த பால் தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு கஸ்பர் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இது சண்டை இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சிரித்தார்கள், பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பேசினார்கள். வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்து தாய்வீட்டில் இருந்த ஜோசப்பின் ஒரு நாள், "ஏம்ப்பா, யாருமே புள்ளையத் தூக்க வர்றதில்ல?" என்று கேட்டாள். கிறிஸ்மஸ் முடிந்ததும் அவள் பிள்ளையோடு நோர்வூட்டுக்குப் போய்விடுவாள். பிறந்து வளர்ந்த லயம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது அவள் படி இறங்கிப் போகக் கூடாது. கஸ்பருக்கு வேண்டியது அவ்வளவுதான். தைப்பொங்கலுக்குச் சோலைமலை வீட்டிலும் கிறிஸ்மஸ் பகலுக்குக் கஸ்பர் வீட்டிலும் பதினான்கு வீடும் சாப்பிடுவது வழக்கம். இந்தக் கிறிஸ்மஸுக்கு வருவார்களா?

வீட்டுக்கு வராதவர்கள் டக்ளஸைப் பற்றிப் பேசுவதை மட்டும் விடவில்லை. இது கஸ்பருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மனிதன் தன் தட்டில் எதை வைக்கவில்லை என்பது ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

"நான் என்ன தெனமுமா கறி திங்கிறேன்? மாசத்துல ஒருக்கா," என்றாள் நான்காம் காம்பரா மீனம்மா, பீலியடியில். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"கொழுந்து கிள்ளுறப்ப தேயிலச் செடிக்கு நோவாதாமா? ஒங்க மருமகன்கிட்டக் கேட்டுச் சொல்லுங்கண்ணே," என்றான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன் சின்னத்தம்பி.

"ஐயரு வீட்டுல பொறக்க வேண்டியவரு, வழி தப்பி வேதக்கார வீட்டுல பொறந்துட்டாரு," என்று யாரோ சொல்ல, அதற்கு ஒரு சிரிப்பு. ஆட்டு வக்கீல் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

சோலைமலை ஒரே ஒரு தடவைதான் பேசினார். "எழுபத்தி நாலு பஞ்சத்துல மரவள்ளி எலையையும் அவிச்சுத் தின்னோம், கஸ்பரு. என் தம்பிய அந்த வருசந்தான பொதச்சேன். இன்னிக்கு ஒரு துண்டு எலும்பு கையில கெடைக்குறப்ப, அதக் கீழ வைய்யிங்குறாரு ஒன் மருமகன்."

கஸ்பர் யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். பஜாரில் கடை வைத்திருக்கும் சிதம்பரநாதன் முதலாளியும் மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை. அவர் கடைக்குப் போய் அரிசி வாங்கிக்கொண்டு, கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு நின்று அவரோடு அரை மணி நேரம் கதைக்கிறார்கள். யாருக்கும் கூச்சமில்லை. ஏனென்றால் முதலாளி சாப்பிடாதது பிறப்போடு வந்தது. அது அவர் வீட்டுப் பழக்கம். அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. டக்ளஸ் சாப்பிடாதது ஒரு காரணத்தோடு வந்தது. பழக்கத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டலாம், காரணத்தைப் பூட்ட முடியாது. அது அவனுக்குச் சரி என்றால் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கும் சரியாகிவிடும். அதனால் அவன் வாயைத் திறக்காமல் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும், எதிரில் இருப்பவனுக்குக் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோலக் கேட்கிறது. இவன் நம்மைக் கேவலமாகப் பார்க்கிறான் என்று தோன்றிவிடுகிறது. கஸ்பருக்கே, மருமகன் எதிரில் இருந்தால் இறைச்சி தொண்டையில் நின்றது.

காரணம் புரிந்ததே தவிர வழி தெரியவில்லை. ஆகவே கிறிஸ்மஸுக்கு முந்திய நாள் காலை, முதல் நாள்தான் வந்து இறங்கிய டக்ளஸிடம் எட்டுச் சாமான் எழுதிய துண்டைக் கொடுத்து அக்கரப்பத்தனை பஜாருக்கு அனுப்பினார். மூன்று கடை ஏறினால்தான் எட்டும் கிடைக்கும்.

"அவசரமில்ல மாப்ள. நாலு மணி பஸ்ஸுல வந்தாப் போதும்," என்றார்.

மனைவி மரியநாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சி வீட்டுலயே கெடக்கு. அதையும் எழுதியிருக்கீங்க."

"சும்மா இரு புள்ள."

லயத்தில் ஆட்டைப் பங்கு போடுவது ஒரு கலை. பதினான்கு வீடும் சேர்ந்து ஆட்டை வாங்குகின்றன. ஆகவே பதினான்கு கூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கழுவி வெளுத்த கோதுமை மாவுச் சாக்குத் துணிகளை வரிசையாக விரிப்பார்கள். தொடைக்கறியைப் பதினான்காக வெட்டி ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு துண்டு. பிறகு நெஞ்செலும்பு, பிறகு முதுகு, பிறகு குடல், கொழுப்பு என்று ஒவ்வொன்றும் அதேபோலச் சுற்றி வரும். தராசு கிடையாது, கண்தான் அளவு. எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஒரு கூறு கொஞ்சம் கொழுத்துவிடும், ஒன்று எலும்பாகிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் கூப்பிடுகிற முறை. ஒருவர் குச்சியால் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். இன்னொருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு பெயரைச் சொல்வார். தொடுகிறவருக்குக் கூறு தெரியும், பெயர் தெரியாது. சொல்கிறவருக்குப் பெயர் தெரியும், கூறு தெரியாது. இருவரும் சேர்ந்தால் ஒழிய ஏமாற்ற முடியாது.

சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான் மீனம்மாவின் குற்றச்சாட்டு. போன வருடம் தொட்டவர் சோலைமலை, சொன்னவன் சின்னத்தம்பி. தொடைக்கறி தூக்கலாக இருந்த கூறைத் தொட்டபோது சோலைமலை இருமினார். சின்னத்தம்பி உடனே தன் பெயரைச் சொன்னான்.

இந்த வருடமும் வெட்டி முடித்து, கூறு வைத்து, சோலைமலை குச்சியைக் கையில் எடுத்ததும் மீனம்மா சொன்னாள்: "இருமாமத் தொடுங்கண்ணே."

சோலைமலை குச்சியைக் கீழே போட்டார். "எனக்கு நெஞ்சுல சளி. மார்கழி மாசம் எவனுக்கு இருமல் இல்ல?"

"எல்லாருக்குந்தான் இருக்கு. சரியாத் தொடைக்கறியிலயா வரும்?"

"அப்ப நான் கூப்புடல. வேற ஆளப் பாத்துக்கங்க," என்றான் சின்னத்தம்பி.

வேறு ஆளைப் பார்த்தார்கள். யார் பெயரைச் சொன்னாலும் அவர் இன்னொரு வீட்டுக்கு மச்சானாகவோ சம்பந்தியாகவோ இருந்தார். சீட்டு எழுதிப் போடலாம் என்றால், எழுதுகிறவன் எந்த மடிப்பில் எதை எழுதினான் என்று யாருக்குத் தெரியும்? ஐந்து வீட்டார் தங்கள் பங்கைக் கையால் அள்ளிக்கொண்டு போகிறோம் என்றார்கள். மற்றவர்கள் தொட்டுப் பார் என்றார்கள். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நாய்கள் உட்கார்ந்திருந்தன. கஸ்பர் அங்கும் இங்கும் கையைக் காட்டிச் சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றார். இந்தப் பங்கு இன்று உடைந்தால் நாளைப் பகல் அவர் வீட்டில் பாய் விரித்து வைத்தும் பயனில்லை.

அந்த நேரத்தில்தான், பஸ் பிந்தியதால் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதை பிடித்து நடந்தே வந்த டக்ளஸ், இரண்டு கையிலும் பையோடு வந்து நின்றான்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பதினான்கு கூறு இறைச்சி, எதிரில் ஆட்டு வக்கீல். இனி என்ன நடக்கும் என்று கஸ்பருக்குத் தெரியும்.

அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் மீனம்மா பேசினாள். "இந்தா, இவரு இருக்காரே."

"யாரு?" என்றான் சின்னத்தம்பி.

"இவருதான். எந்தக் கூறு எவன் வீட்டுக்குப் போனாலும் இவருக்கு ஒண்ணுதான், திங்கப் போறதில்ல. அத விடு. சோலைமலையண்ணனும் இவரும் ரெண்டு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசல. ரெண்டு பேரும் சேந்து சதி பண்ணுவாங்களா?"

கூட்டம் யோசித்தது. மறுக்க முடியாத நியாயமாக இருந்தது. சோலைமலைகூடக் குனிந்து குச்சியை எடுத்துக்கொண்டார்.

"மாமனாரு கூறு?" என்று ஒருவர் கேட்டார்.

"என் பேரச் சொல்லவே வேணாம். கடைசியில மிஞ்சுறது எனக்கு," என்றார் கஸ்பர்.

டக்ளஸ் விஷயத்தைக் கேட்டுப் பைகளைக் கீழே வைத்தான். "நானே பங்கு போட்ட மாதிரி ஆயிடுமேங்க."

"வெட்டியாச்சு தம்பி. நீங்க மாட்டேன்னா எந்திரிச்சு நடந்து போயிருமா? நாய்தான் இழுத்துட்டுப் போவும்," என்றாள் மீனம்மா.

அவன் சாக்குத் துணிகளின் பக்கம் கையைக் காட்டினான். "நான் அதப் பாக்கணுமா?"

"பாக்கவே கூடாது. அதான சட்டமே."

"பாக்கக் கூடாதுன்னா எனக்குச் சரி," என்றான் டக்ளஸ். பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

அவன் திரும்பி, தேயிலை மலையைப் பார்த்து நின்றான். அவனுக்கு முன்னால் கஸ்பர் பெயர்ப் பட்டியலும் பென்சிலுமாக நின்றார். சொன்ன பெயரை வெட்டுவது எப்போதும் அவர் வேலை. ஆகவே கூட்டம் முழுவதும் டக்ளஸின் முதுகைப் பார்த்தது, அவன் முகத்தைப் பார்த்தது கஸ்பர் ஒருவர்தான்.

"இது யாருக்கு?" என்றார் சோலைமலை.

"நல்லமுத்து."

"இது?"

"மீனம்மா."

ஆறு கூறு தடையில்லாமல் போயிற்று. வெட்டு முடிந்த இடத்திலேயே தகர அடுப்பு வைத்து ஈரலை மிளகு போட்டு வறுப்பது வழக்கம். இதுவரை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த புகை, காற்றுத் திரும்பியதும் நேராக டக்ளஸ் முகத்துக்கு வந்தது. அவன் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. குமட்டுகிறது, பாவம், என்று நினைத்தார் கஸ்பர். வாந்தி எடுத்தால் எல்லாம் முடிந்தது.

மறுபடி பார்த்தார். குமட்டுகிறவன் முகத்தைத் திருப்புவான், மூச்சை அடக்குவான். இவன் மூக்கு புகையின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கஸ்பருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அரைத்த கொழுந்து பதத்துக்கு வந்துவிட்டதா என்று டீமேக்கர் குனிந்து மணம் பிடிப்பதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவர். அதே முகம். கண் பாதி மூடி, மூச்சு நீண்டு, வாய்க்குள் ஊறியதை விழுங்கிக்கொண்டு.

"இது யாருக்கு?" என்றார் சோலைமலை.

அவர் குச்சியால் சாக்கைத் தட்டினார்.

"யாருக்குங்குறேன்."

"மாமா," என்றான் டக்ளஸ் உதடு அசையாமல், "யாரு மிச்சம்?"

கஸ்பருக்கு இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது. இவன் யாரையும் மேலே இருந்து பார்க்கவில்லை. பசியோடு எங்கள் பந்தியிலேயேதான் நிற்கிறான். அவர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். "அடுப்ப அந்தாண்ட தள்ளுங்கப்பா, புகையில எழுத்துத் தெரியல," என்று குரல் கொடுத்தார். அடுப்பைத் தள்ளினார்கள். மீதிப் பெயர்கள் ஒழுங்காக வந்தன. கடைசியில் மிஞ்சிய கூறு நல்ல எலும்பாக இருந்தது. கஸ்பர் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்.

முறை இன்னும் முடியவில்லை. வறுத்த ஈரலில் முதல் கை, கூப்பிட்டவருக்கு. சோலைமலை ஒரு பீங்கான் தட்டில் நாலு துண்டு வைத்துக்கொண்டு டக்ளஸிடம் நடந்து வந்தார். அது மரியாதையா, குத்தலா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

"வக்கீலுக்கு ஃபீஸ்," என்றார்.

டக்ளஸ் பீங்கானைப் பார்த்தான். "வேணாம் சோல மாமா. அதக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க. ரொம்ப நல்லா மணக்குது."

"என்னது?"

"நல்லா மணக்குதுங்குறேன். ஏழாவது கூறுல அதாலதான் பேரே மறந்துபோச்சு."

"அப்ப ஒங்களுக்கு எங்களப் பாத்து அருவருப்பு இல்லையா?" என்றாள் மீனம்மா. பீலியடியில் இரண்டு மாதமாகச் சுற்றிவந்த கேள்வி அது.

"அருவருப்பா? ஒண்ணர வருசமாக் கனவுல நல்லி எலும்பு வருது அத்த."

முதலில் சின்னத்தம்பிதான் சிரித்தான். பிறகு எல்லோரும். நாய்கள் எழுந்து நின்று பார்த்தன.

"அப்ப எதுக்குங்க எங்களப் போட்டு அறுக்குறீங்க?" என்றான் சின்னத்தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒத்தையா நிக்க முடியலங்க. யாராச்சும் கூட வந்தா லேசா இருக்கும்னு பேசிப்புடுறேன்." டக்ளஸ் சோலைமலை பக்கம் திரும்பினான். "மாடு கத்துனது நெசம் மாமா. அத நான் சொல்லாம இருக்க மாட்டேன். ஆனா நீங்க வாயில வச்சிருக்கப்ப சொன்னது தப்பு."

சோலைமலை ஒரு துண்டு ஈரலைத் தன் வாயில் போட்டு மென்றார். அவசரப்படவில்லை. "ஒங்க கனவுல நல்லி எலும்பு வருது. என் கனவுல எழுபத்தி நாலு வருது," என்றார். "பேசுங்க மாப்ள. நான் மென்னுக்கிட்டே கேக்குறேன். கீழ வைக்கச் சொல்லாதீங்க."

"சரி மாமா."

"நாளைக்குப் பகலுக்கு எத்தன மணிக்குக் கஸ்பரு?"

"பூச முடிஞ்ச ஒடனே," என்றார் கஸ்பர். குரல் கொஞ்சம் தடுமாறியதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மறுநாள் பதினான்கு வீடும் வந்தது. இடம் போதாமல் வாசலிலும் பாய் விரித்தார்கள். பிள்ளை கைமாறிக் கைமாறி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், ஜோசப்பின் பால் கொடுக்கும் நேரத்தில் மூன்று வீடு தேடினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டக்ளஸ் பேசினான், இந்த முறை முட்டையைப் பற்றி. பேசாமல் இருக்க அவனால் முடியாதுதான். மீனம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதில் வைத்திருந்தாள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

மரியநாயகி மருமகனுக்கென்று தேங்காய்ப்பால் விட்டுப் பலாக்காய்க் கறி தனிச் சட்டியில் ஆக்கியிருந்தாள். என்னதான் தின்கிறார் பார்ப்போம் என்று ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்ததில் சட்டி தரை தட்டிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் மொளகு போட்டிருந்தா ஆடே வேண்டியதில்ல," என்றார் சோலைமலை, இரண்டாம் கரண்டி போட்டுக்கொண்டு.

"அப்ப விட்டுருங்களேன் மாமா."

"போட்டிருந்தான்னுதான சொன்னேன். போடலையே."

மாப்பிள்ளைக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சவில்லை என்று மரியநாயகி தலையில் கை வைத்தாள். "ஒங்க சிநேகிதரு பண்ணுன வேல," என்று கணவனைத்தான் ஏசினாள். கஸ்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு தேங்காயை உடைத்துத் திருவலகையில் ஏறி உட்கார்ந்தார். வெளியே மூன்று பேர் ஒரே நேரத்தில் அவர் மருமகனோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர் நிதானமாகத் திருவினார்.